சாதிக்காய்ப் புறாவை எண்ணியவர்கள்

புறா எண்டால் எங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது கோயில் கோபுரத்தில் ஒதுங்குகிற மாடப்புறாதான். ஊரை விட்டுப் போகாத பறவை. ஆனால் வருடாவருடம் கடல் கடந்து போய்வருகிற புறாக்களும் இருக்கின்றன. அவற்றில் ஒன்று டொரெஸ் நீரிணைப் புறா. வெள்ளை உடம்பு, கறுத்த இறக்கை நுனி. காட்டுச் சாதிக்காயை முழுசாகவே விழுங்குவதால் சாதிக்காய்ப் புறா என்றும் பெயர். எங்கள் நாட்டுக் காடுகளில் இருக்கிற பெரிய பச்சைப் புறாவும் இதே டுக்குலா பேரினம்தான். ஒன்றுவிட்ட சகோதரம் எண்டு வைத்துக்கொள்ளுங்கோ.

ஓகஸ்ட் அளவில் இவை நியூகினியிலிருந்து நீரிணையைத் தாண்டி அவுஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துக் கரைக்கு வரும். ஏப்ரலுக்குள் பெரும்பாலானவை திரும்பிவிடும். கூடு கட்டுவது கரைக்கு அப்பாலுள்ள சின்னத் தீவுகளில்; சாப்பாடோ பெருநிலத்து மழைக்காட்டில். ஒரேயொரு முட்டைதான். தாயும் தகப்பனும் முறைமாறிக் கூட்டில் இருக்க, மற்றது கடலுக்கு மேலால் பறந்துபோய்ப் பழம் தின்று பின்னேரம் திரும்பும்.

இந்த ஒழுங்குதான் அதற்கு வினையாகவும் வந்தது. எந்த நேரம், எந்தப் பக்கத்தால் வரும் என்று தெரிந்த பறவையைச் சுடுவது லேசு. வள்ளத்தில் தீவுக்குப் போய், இரையோடு திரும்புகிற புறாக்களைப் பொழுதுபோக்காகச் சுட்டார்கள். செத்த ஒவ்வொன்றோடும் கூட்டிலிருந்த குஞ்சும் பட்டினியில் போனது.

இதை எதிர்த்து முதலில் எழுதியவர்களில் ஒருவர் ஈ. ஜே. பான்ஃபீல்ட். பத்திரிகையாளர். உடம்பு சரியில்லாமல் 1897இல் டங்க் தீவுக்குக் குடிபோனவர், 1923இல் சாகும்வரை அங்கேயே வாழ்ந்தார். 1905இல் டங்கும் அயலிலுள்ள சில தீவுகளும் பறவைச் சரணாலயமாயின. நல்ல விஷயம்தான். ஆனால் புறாவுக்குச் சரணாலயத்தின் எல்லை தெரியாதே! மற்றத் தீவுகளில் துவக்குகள் ஓயவில்லை.

அறுபது வருடம் கழித்து, 1965இல், ஆர்தர் தோர்ஸ்போர்னும் மனைவி மார்கரெட்டும் கார்ட்வெல் ஊருக்கு அப்பாலுள்ள வட புரூக் தீவில் எண்ணத் தொடங்கினார்கள். இரண்டு பேரும் தொழில்முறை விஞ்ஞானிகள் இல்லை. செய்த வேலையும் கேட்கச் சாதாரணமாகத்தான் இருக்கும்: பின்னேரம் கடற்கரையில் இருந்துகொண்டு, பெருநிலப் பக்கமிருந்து வருகிற புறாக்களை இருட்டும்வரை எண்ணுவது. கூட்டில் இருக்கிற துணை இந்தக் கணக்கில் வராது. ஆகவே மொத்தம் எத்தனை என்று இதை வைத்துச் சொல்ல ஏலாது. ஆனால் ஒரே தீவில், ஒரே பருவத்தில், ஒரே மாதிரி வருடாவருடம் எண்ணினால் கூடுதா குறையுதா என்று தெரியும். "கனக்கச் செத்துப்போச்சு" என்று சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். முந்தின வருடக் கணக்கைப் பக்கத்தில் வைத்துச் சொன்னால் கேட்டுத்தான் ஆகவேண்டும். எங்களுக்கு இந்த வரலாற்றில் பிடித்த இடம் இதுதான்.

ஆரம்பத்தில் அவர்களுக்குக் கிடைத்த எண்ணிக்கை 5,000க்கும் குறைவு. சுடுவது நின்று, தீவுகளுக்குப் பாதுகாப்பும் வந்தபிறகு, பிற்காலக் கணக்குகள் 30,000ஐத் தாண்டின.

அதோடு கதை முடிந்துவிட்டதா எண்டால், இல்லை. தீவைக் காப்பாற்றினாலும் பழம் இருப்பது மற்றக் கரையில். அங்கே தாழ்நில மழைக்காட்டில் பெரும்பகுதியைக் கரும்புத் தோட்டங்கள் எப்போதோ தின்றுவிட்டன. 2011 பெப்ரவரியில் யாசி சூறாவளியும் இதே கரையில், மிஷன் பீச்சுக்குக் கிட்ட ஏறியது. கூட்டு மரங்களும் பழமரங்களும் ஒரே இரவில் அடிவாங்கின.

ஆர்தர் 1991இல் இறந்தார். மார்கரெட் எண்ணுவதை விடவில்லை. 2018இல் அவரும் போய்விட்டார். அவர்களுக்குப் பிறகு தொண்டர்களும் பூங்காக் காவலர்களும் அந்தக் கடற்கரையில் வந்து இருந்து, பெருநிலத்தைப் பார்த்தபடி, பொழுதுபடும்வரை எண்ணுகிறார்கள்.