ஒன்றாயிருந்து படித்தல்: திருகோணமலையில் கத்தோலிக்க இடைநிலைக் கல்வியின் உருவாக்கமும் மாற்றமும்

திருகோணமலை மாவட்டத்தின் தென்கரையில், ஈச்சிலம்பற்றுப் பக்கத்தில் இருக்கிறது இலங்கைத்துறை முகத்துவாரம். அங்கிருந்து நகரத்துக்குப் போக வேண்டுமானால் ஆற்றுவாய்களையும் களப்புகளையும் தாண்டி மூதூருக்கு வந்து, கொட்டியாரக் குடாவை லோஞ்சில் கடக்க வேண்டியிருந்தது. இல்லையென்றால் கிண்ணியாவில் ‘பாதை’ வரும்வரை கரையில் நிற்க வேண்டியிருந்தது. வாகனங்களையும் ஆட்களையும் அக்கரை சேர்க்கும் மிதவையைத்தான் இப்பகுதியார் பாதை என்கிறார்கள். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை தெற்கிலிருந்து நகரத்துக்கு வந்தவர்களின் வழக்கமான வழிகள் இவையே.

மாவட்டத்தின் இடைநிலைக் கல்வி வரலாற்றை நகரத்துக் கட்டடங்களிலிருந்து தொடங்கி எழுதுவது வழக்கம். நான் இந்த நீர்வழிகளிலிருந்து தொடங்குகிறேன். காலையில் புறப்பட்டு மாலையில் வீடு திரும்ப முடியாத தொலைவில் பிறந்த பிள்ளைக்குப் பாடசாலை என்பது தங்கி வாழும் இடமாகவும் இருந்தாக வேண்டும். கிழக்கில் கத்தோலிக்கக் குருமார் எழுப்பிய கல்லூரிகள் பரீட்சைக்கு ஆயத்தப்படுத்தியது பாடப்புத்தகத்தால் மட்டுமன்று. ஒன்றாக எழுந்து, ஒன்றாக உண்டு, ஒன்றாக ஒப்புவித்த வாழ்வால். அந்தக் கூட்டு வாழ்விலிருந்து பரீட்சைத் தயாரிப்பு பிரிந்து சென்றதையே கடந்த அறுபது ஆண்டுகளின் பெரிய மாற்றமாக நான் காண்கிறேன்.

திருகோணமலைப் புனித சூசையப்பர் கல்லூரி 1867இல் தொடங்கியது. பெண்பிள்ளைகளுக்கான புனித மரியாள் பாடசாலையும் அதே 1860களுக்கு உரியது. இந்தக் காலம் கவனிக்கத்தக்கது. 1847இன் இறுதியில் இலங்கைக்கு வந்த அமலமரித் தியாகிகள் சபையினர் அப்போது வடக்கிலும் கிழக்கிலும் மறைப்பணி ஆற்றிக்கொண்டிருந்தனர். திருகோணமலை யாழ்ப்பாண மறைவட்டத்துக்குள் அடங்கியிருந்தது. அரசாங்கப் பாடசாலைகளைப் பற்றி விசாரித்த மோர்கன் குழு தன் அறிக்கையை அளித்ததும் 1867இல்தான். ஒவ்வொரு சமயத்தவரும் தம் பிள்ளைகளுக்குத் தாமே பாடசாலை நடத்தவும், அதற்கு அரசு பணம் தரவும் வேண்டும் என்று விடாமல் வாதாடியவர் கிறிஸ்தோபர் பொஞ்ஜின் அடிகளார். அவர் 1868இல் யாழ்ப்பாண ஆயரானார். 1869இல் பொதுப் போதனாத் திணைக்களம் அமைந்தது; அடுத்த ஆண்டிலிருந்து உதவி நன்கொடை முறை நடைமுறைக்கு வந்தது.

நன்கொடை பெறுபேற்றைப் பொறுத்தது. பரிசோதகர் வந்து வாசிப்பும் எழுத்தும் கணக்கும் சோதிப்பார். எத்தனை பிள்ளைகள் தேறினார்களோ அதற்கேற்பப் பணம் வரும். ஆகவே பரீட்சை என்பது மாணவனின் கவலையாவதற்கு முன்னமே பாடசாலையின் கவலையாகிவிட்டது. பிள்ளை வகுப்புக்கு வராவிட்டால் நன்கொடை குறையும், ஆசிரியரின் சம்பளம் தடுமாறும். வீடு தேடிப் போய்ப் பிள்ளையை அழைத்து வருவதும், பூசை முடிந்து வரும் பெற்றோரிடம் பேசுவதும் இந்த ஏற்பாட்டோடு ஒட்டிக்கொண்டன. பங்கும் பாடசாலையும் ஒரே முற்றத்தைப் பகிர்ந்துகொண்டதற்குப் பக்தி ஒரு காரணம். கணக்கேடும் ஒரு காரணம் என்பதை மறைக்கத் தேவையில்லை.

அந்த முற்றத்தில் கூடியவர்கள் ஒரே வகையினர் அல்லர். கடற்றொழில் செய்த தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் இருந்தன. போர்த்துக்கேய மரபில் வந்த, வீட்டில் கிரியோல் பேசிய பறங்கியர் பாலையூற்றிலும் நகரத்திலும் வாழ்ந்தனர். கப்பற்படைத் தளத்தை நம்பி வந்த தொழிலாளரும் எழுதுவினைஞரும் இருந்தனர். ஆங்கிலக் கல்விக்காகத் தம் பிள்ளைகளை அனுப்பிய சைவரும் முஸ்லிம்களும் அவர்களோடு சேர்ந்தனர். இந்நகரக் கத்தோலிக்கரின் தமிழ்ப் பயிற்சி எத்தகையது என்பதற்கு ஒரு சான்று: ஈழத்தின் தொடக்ககாலத் தமிழ் நாவல்களுள் ஒன்றான ‘ஊசோன் பாலந்தை கதை’யை 1891இல் வெளியிட்ட எஸ். இன்னாசித்தம்பி திருகோணமலையைச் சேர்ந்தவர். நான்கு ஆண்டுகளில் அதே ஊரவரான தி. த. சரவணமுத்துப்பிள்ளையின் ‘மோகனாங்கி’ வந்தது. கப்பற்படை நகரம் என்று மட்டும் பெயரெடுத்த ஊரின் சைவரும் கத்தோலிக்கரும் அடுத்தடுத்து நாவல் எழுதியிருக்கிறார்கள். ஆங்கிலப் பாடசாலைகளின் கதையைச் சொல்லும்போது இந்தத் தமிழ்ப் பின்புலத்தை விட்டுவிடுகிறோம்; அது பெரும் பிழை.

1893இல் திருகோணமலை தனி மறைமாவட்டமாயிற்று. பிரான்சின் ஷாம்பாஞ் மாகாணத்து இயேசுசபையினரிடம் அது ஒப்படைக்கப்பட்டது. முன்னர் கோட்டயத்தில் சிரிய கத்தோலிக்கரின் ஆயராக இருந்த சார்ள்ஸ் லவீன் 1898இல் முதல் ஆயராக நியமனம் பெற்றார். திருகோணமலையும் மட்டக்களப்பும் ஒரே மறைமாவட்டத்தில் இருந்ததால் புனித சூசையப்பர் கல்லூரியும் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியும் ஒரே குருமரபின் இரு பிள்ளைகளாக வளர்ந்தன. குருமார் இரு ஊருக்கும் மாறி மாறிப் போய்வந்தனர். ஒன்றின் வரலாற்றை மற்றதை விட்டு எழுத முடியாது.

இயேசுசபையினர் கொண்டுவந்த கல்விமுறையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 1599இல் வகுக்கப்பட்டு, 1832இல் திருத்தப்பட்ட அவர்களுடைய கல்வி ஒழுங்கில் மீட்டல்தான் முதுகெலும்பு. நேற்றைய பாடத்தை இன்று ஒப்புவிக்க வேண்டும். கிழமை முழுவதும் படித்ததைச் சனிக்கிழமை திரும்பச் சொல்ல வேண்டும். வகுப்பில் சில மாணவர்களுக்கு மற்றவர்களின் மனனப் பாடத்தைக் கேட்டுச் சரிபார்க்கும் பொறுப்பு உண்டு. இருவர் இருவராக எதிரிணை வைத்து, ஒருவர் தவறை மற்றவர் திருத்தும் பழக்கமும் உண்டு. ஆசிரியர் ஒருவர் நாற்பது பேருக்குச் சொல்லிக் கொடுப்பதைவிட, நாற்பது பேரும் ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்வது உறுதி என்ற நம்பிக்கை அதன் அடியில் இருந்தது.

தமிழ்ப் பிள்ளைக்கு இது புதிதல்ல. திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை செய்ததும் இதையே. மூத்த மாணவன் இளையவர்களின் முறையைக் கேட்பான், பிழைத்தால் திருத்துவான். சென்னையில் அந்த முறையைக் கண்டு வியந்த அன்ட்ரூ பெல் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதை இங்கிலாந்துக்கு எடுத்துச் சென்றார் என்பது கல்வி வரலாறு அறிந்தோர்க்குத் தெரியும். ஐரோப்பாவிலிருந்து வந்த ஒப்புவித்தலும் ஊரில் ஏற்கெனவே இருந்த ஒப்புவித்தலும் மிஷன் கல்லூரியின் விடுதிகளில் சந்தித்தன. அதனாலேயே அந்தக் கண்டிப்பு இங்கே எளிதில் வேர்பிடித்தது என்று கருதுகிறேன். மாறாக, விளையாட்டுப் போட்டிக்கான ‘இல்லங்கள்’, மாணவ தலைவர், பரிசளிப்பு விழா ஆகியவை ஆங்கிலேயப் பாடசாலைகளின் வழக்கங்கள். இரண்டையும் ‘மிஷன் ஒழுங்கு’ என்ற ஒரே பெயரில் கலந்துவிடுவதால் எது எங்கிருந்து வந்தது என்பது மறைந்துபோகிறது.

இப்படித் தயாரானவர்கள் எதற்குத் தோற்றினார்கள்? 1880 முதல் இலங்கையில் கேம்பிரிட்ஜ் உள்ளூர்ப் பரீட்சைகள் நடந்தன. வினாத்தாள் கப்பலில் வந்தது. விடைத்தாளும் கப்பலில் போயிற்று. பெறுபேற்றுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். திருகோணமலையை ஒருபோதும் காணாத ஒருவர் அந்த விடைகளைத் திருத்தினார். பாடத்திட்டம் முழுவதும் வெளியிலிருந்து வந்தது; அதைத் தாங்கும் வலு மட்டும் உள்ளூர் வாழ்விலிருந்து வந்தது.

இந்த மரபு உருவாக்கியவர்களுள் மிகப் பெரியவர் கத்தோலிக்கர் அல்லர். காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனம், பின்னாளில் சுவாமி விபுலாநந்தர், கல்முனையில் மெதடிஸ்தப் பாடசாலையில் படித்துப் புனித மிக்கேல் கல்லூரிக்கு வந்தார். அங்கே அவருக்குக் கணிதத்தில் ஆழ்ந்த பயிற்சி அளித்தவர் பிரெஞ்சு இயேசுசபைக் குருவான பொனெல் அடிகளார். 1908இல், 16 வயதில், மயில்வாகனம் கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் சித்தியடைந்தார். அதே கல்லூரியில் ஆசிரியராகவும் பணிபுரிந்தார். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பட்டம் பெற்றார். 1917இல் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பிக்கச் சென்றார். ஒரு சைவ மாணவனின் கணித ஆற்றலைக் கண்டு தன் நேரத்தைச் செலவிட்ட குருவையும், அவரிடம் கற்றதை மறவாமல் தமிழாய்வுக்குக் கொண்டுபோன மாணவரையும் நினைக்கும்போது, ‘மதமாற்றக் கருவி’ என்ற ஒற்றைச் சொல் இந்தப் பாடசாலைகளின் முழுக்கதையையும் அளக்கப் போதாது என்பது தெளிவாகிறது. மதமாற்றம் பற்றிய அச்சமும் அதனால் எழுந்த சைவப் பாடசாலை இயக்கமும் உண்மைதான். திருகோணமலை இந்துக் கல்லூரி 1897இல் தொடங்கிய பாடசாலையிலிருந்து வளர்ந்தது. 1920களில் இராமகிருஷ்ண மிஷன் அதை ஏற்றபோது, அப்பணியை முன்னின்று நடத்தியவர் துறவியாகித் திரும்பியிருந்த அதே விபுலாநந்தர். புனித மிக்கேலில் கற்ற கணிதமும் ஒழுங்கும் திருகோணமலையின் சைவக் கல்லூரிக்குள் அந்த வழியாக நுழைந்தன.

1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடாவையும் தாக்கின. நகர மக்கள் பெருந்தொகையில் வெளியேறினர். இரண்டாம் உலகப் போர் முடியும் காலத்தில் இரண்டு திருப்பங்கள் நேர்ந்தன. கன்னங்கரா தலைமையிலான கல்விக் குழுவின் 1943ஆம் ஆண்டு அறிக்கையைத் தொடர்ந்து 1945 அக்டோபரில் இலவசக் கல்வி வந்தது. மறைமாவட்டத்தில் பிரெஞ்சுக் குருமாரின் இடத்துக்கு அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்து இயேசுசபையினர் வந்தனர். 1947இல் இக்னேசியஸ் கிளெனி ஆயரானார்.

அமெரிக்கக் குருமார் விளையாட்டு மைதானத்தை மாற்றினார்கள். கிழக்கில் கூடைப்பந்து வேரூன்றியது அவர்களால். லூயிசியானாவில் பிறந்து 1948இல் இங்கு வந்த யூஜின் ஹீபர்ட் அடிகளாரின் பெயர் இரு கல்லூரிகளின் கூடைப்பந்து நினைவுகளிலும் கலந்திருக்கிறது. கிரிக்கெட்டுக்குப் பரந்த புற்றரை வேண்டும், விலையுயர்ந்த மட்டை வேண்டும், நாள் முழுதும் வேண்டும். கூடைப்பந்துக்கு ஒரு சீமெந்துத் தளமும் இரண்டு வளையமும் போதும். மாலைத் தேநீருக்கும் இரவுப் படிப்புக்கும் இடையிலுள்ள ஒரு மணி நேரத்துக்குள் ஆட்டம் முடிந்துவிடும். விடுதி வாழ்வின் நேர அளவுக்கு இதைவிடப் பொருத்தமான விளையாட்டை நினைக்க முடியவில்லை.

படிப்பின் இலக்கும் அப்போதே மாறிக்கொண்டிருந்தது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியது. 1957இல் பிரித்தானியக் கடற்படை துறைமுகத்தை விட்டுப் போனது. ஆங்கிலம் படித்தவனுக்குத் தளத்தில் எழுதுவினைஞர் வேலை என்ற பழைய கணக்கு அதோடு தீர்ந்தது. போதனாமொழி 1950களில் படிப்படியாகத் தமிழாயிற்று. இனிப் பல்கலைக்கழக அனுமதியே பரிசு. அதற்கு ஆய்வுகூடமும் விஞ்ஞானப் பட்டதாரிகளும் வேண்டும். அவை இருந்த நகரக் கல்லூரிகளைத் தேடி ஊர்ப்பிள்ளைகள் வந்தனர்.

1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் உதவி பெறும் பாடசாலைகளை அரசுக்கு மாற்றின. நாட்டின் பல பகுதிகளில் கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைக்குள் இரவுபகலாகக் குடியிருந்து எதிர்த்தனர். பெரிய கல்லூரிகளுக்குக் கட்டணம் அறவிடாத தனியார் பாடசாலையாக நிற்கும் தெரிவு தரப்பட்டது. அரச பணமும் இல்லை, கட்டணமும் இல்லை என்ற அந்த நிலையில் தாக்குப்பிடிப்பது கடினம். புனித சூசையப்பர் கல்லூரி இன்று மாகாண நிர்வாகத்தில் உள்ள பாடசாலை.

இந்த மாற்றத்தை இழப்பு என்று மட்டும் எழுதுவது நியாயமன்று. அரச பாடசாலையில் சைவப் பிள்ளைக்குச் சைவநெறியும் முஸ்லிம் பிள்ளைக்கு இஸ்லாமும் கத்தோலிக்கப் பிள்ளைக்குத் திருமறையும் பாடவேளையாகக் கிடைத்தன. ஆசிரியரின் சம்பளம் உறுதியாயிற்று. ஆனால் விடுதியும் இரவுப் படிப்பு மேற்பார்வையும் எந்தச் சுற்றுநிருபத்திலும் இடம்பெறும் கடமைகள் அல்ல. சம்பளமில்லாமல் அங்கேயே வாழ்ந்த குருமாரும் அருட்சகோதரரும் குறையக் குறைய, அந்த மணிநேரத்தைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமற் போயிற்று. கல்வி அமைச்சின் அட்டவணை பிற்பகலில் முடிந்துவிடுகிறது.

1970களில் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தலும் மாவட்டப் பங்கீடும் வந்தன. திருகோணமலை பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் இடம்பெற்றது. யாழ்ப்பாண மாணவரை வதைத்த ஏற்பாடு இங்கு சிலருக்குக் கதவைத் திறந்தது; ஈழத்தமிழர் கல்வி வரலாற்றை யாழ்ப்பாணத்தை மட்டும் வைத்து எழுதுவோர் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். வெட்டுப்புள்ளி ஒவ்வொரு மாணவனையும் தன் மாவட்டத்தவனோடு போட்டியிட வைத்தது. பக்கத்து வாங்கில் இருப்பவனின் முறையைக் கேட்டுத் திருத்திய பழக்கத்துக்கு இது நேர் எதிர். ரியூசன் அந்த இடைவெளியில் வளர்ந்தது.

எஞ்சியிருந்த ஒன்றுகூடலையும் உள்நாட்டுப் போர் ஆபத்தாக்கியது. 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்ட ஹீபர்ட் அடிகளாரும் உடன்சென்ற இளைஞரும் திரும்பவில்லை. 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, திருகோணமலைக் கடற்கரையில் காந்தி சிலையருகே நண்பர்களோடு கூடியிருந்த ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். உயர்தரம் முடித்தவர்கள் மாலையில் கடற்கரையில் கூடிப் பேசுவது இந்நகரத்து மாணவ வாழ்வின் மிகச் சாதாரணமான வழக்கம். அந்த வழக்கத்தின் நடுவில் அவர்கள் இறந்தார்கள்.

இப்போது பாலம் இருக்கிறது. தெற்கிலிருந்து வரும் பிள்ளை பஸ்ஸில் வந்து பஸ்ஸில் திரும்பலாம், விடுதி வேண்டியதில்லை. இரவுப் படிப்பு மணிக்கு எழுந்து நின்ற கடைசித் தலைமுறையினர் எழுபதைத் தாண்டிவிட்டனர். அமெரிக்கக் குருமாருள் நெடுங்காலம் இங்கேயே தங்கிய பென் மில்லர் அடிகளார் 2019 ஜனவரி 1ஆம் திகதி மட்டக்களப்பில் காலமானார். வரவுப் பதிவேடுகள், விடுதிக் கணக்குகள், பரிசளிப்பு விழா மலர்கள், ஆசிரியர் எழுதிய பாடக்குறிப்புகள் ஆகியவை பங்கு அலுமாரிகளிலும் வீட்டுப் பெட்டிகளிலும் கிடந்தால் கிழக்கின் உப்புக்காற்றுக்கும் கறையானுக்கும் நெடுநாள் தாங்கா. அவற்றைப் படியெடுப்பதும், குருமாரின் பெயர்களுக்குப் பின்னால் மறைந்துபோன தமிழ் ஆசிரியர்களைப் பற்றி அவர்களிடம் படித்தவர்களின் வாய்மொழியைப் பதிவு செய்வதும் இந்த ஆண்டே தொடங்க வேண்டிய வேலை.