ஹிஸ்பாவும் தாம்பரம் மாமன்றமும்

பக்தாதின் காழி மாவர்தீ (ரஹ்) (மறைவு ஹிஜ்ரி 450 / கி.பி. 1058) தமது ‘அல்அஹ்காமுஸ் சுல்தானிய்யா’வின் இறுதி அத்தியாயத்தை ஹிஸ்பா எனும் நகர மேற்பார்வைக்கே ஒதுக்கினார். ஊரின் குடிநீர் வழி கெட்டால், மதில் சரிந்தால் சீர்செய்வது யார் பொறுப்பு? பைத்துல்மாலில் பணமிருந்தால் அதிலிருந்தே செய்ய முஹ்தஸிப் ஆணையிடுவார். இல்லையேல் அது வசதியுள்ள ஊரார் அனைவர் மீதும் பொதுக் கடமை. ஒருவரை மட்டும் தனித்துப் பிடித்து வற்புறுத்தலாகாது. முஹ்தஸிபை வெறும் எடைக்கல் சோதித்தவராகவே நாம் கற்பித்து வருவது பெருங்குறை.

தாம்பரத்திலும் இக்கேள்வி எழுந்தது. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரையும் அனகாபுத்தூரையும் சூழ்ந்தபோது ஆற்றோரம் பல உள்ளாட்சிகள் எல்லை பிரித்து நின்றன. 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய 5 நகராட்சிகளும் 5 பேரூராட்சிகளும் ஒரே மாநகராட்சியாயின. முடிச்சூர் அப்போதும் ஊராட்சியாகவே வெளியே நின்றது. ஆறோ அதன் வழியேதான் வருகிறது.

2022 பிப்ரவரியில் 70 வார்டுகளுக்குத் தேர்தல் நடந்தது. வரி, சுகாதாரம், பணிகள் எனப் பல நிலைக்குழுக்கள் மாமன்றத்துக்கு உண்டு. அவற்றினும் நம் கவனத்துக்குரியது பகுதி சபை. 2022 நவம்பர் 1 அன்று பம்மலில் கூடிய சபையில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலினே அமர்ந்து குறை கேட்டார்.

காழியிடம் வழக்கு வரவேண்டும். முஹ்தஸிபோ முறையீட்டுக்குக் காத்திராமல் தாமே தெருவில் இறங்குவார் என்பது மாவர்தீ காட்டும் வேறுபாடு. பகுதி சபையில் எழுந்து சொல்ல வேண்டியவர் குடிமகனே. முடிச்சூர்வாசி தம் கிராம சபையில் பேசலாம். கீழேயுள்ள அனகாபுத்தூரில் ஆறு அடைபட்டிருந்தால் அங்குள்ள சபையில் அவருக்கு இடமில்லை.