உலோக வாயுப் பகுப்பாய்வுக் கருவி

உலோக வாயுப் பகுப்பாய்வுக் கருவி என்பது, திட உலோகத்துக்குள் கரைந்தோ சேர்மமாகவோ இருக்கும் ஆக்சிஜன், நைட்ரஜன், ஹைட்ரஜன் ஆகியவற்றைப் பத்து லட்சத்தில் ஒரு பங்கு (பிபிஎம்) அளவுக்கு நுணுக்கமாக அளக்கும் ஆய்வுக்கூடக் கருவி. எஃகு, டைட்டானியம், சிர்க்கோனியம், செம்பு ஆகியவற்றை உருக்கும் ஆலைகளிலும், அவற்றை வாங்குமுன் சோதிக்கும் ஆய்வுக்கூடங்களிலும் இது இயங்குகிறது. அமெரிக்காவின் லெக்கோ, புரூக்கர், ஜப்பானின் ஹொரிபா, ஜெர்மனியின் எல்ட்ரா ஆகியவை இதைச் செய்யும் முக்கிய நிறுவனங்கள். மாதிரியைக் கருவிக்குள் போட்டால் இரண்டு மூன்று நிமிடங்களில் எண் வந்துவிடும். அந்த எண் நம்பத்தக்கதா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அதற்கு முன்னால் இயக்குபவர் செய்யும் வேலை.

இந்தக் கருவியின் தேவையைப் புரிந்துகொள்ள ஒரு ரயில் ஊரிலிருந்து தொடங்கலாம். மலேசியாவின் ஜொகூரில் குளுவாங் மாவட்டத்தைச் சேர்ந்த ரெங்கம், தோட்டங்கள் சூழ்ந்த ஊர். 1909இல் திறக்கப்பட்ட ஜொகூர் அரசு ரயில்பாதை வழியே வளர்ந்த இந்த ஊர், இன்று கிம்மாஸ் – ஜொகூர் பாரு மின்மய இரட்டைப் பாதையில் ஒரு நிலையம். மலாயாவின் ரயில்பாதைகளைப் பராமரிக்கும் வேலையில் தென்னிந்தியத் தொழிலாளர்களின் பங்கு மிகப் பெரியது. அவர்கள் தோளில் சுமந்த தண்டவாளம்தான் உலோக வாயுப் பகுப்பாய்வின் தேவையை உலகுக்கு முதலில் உணர்த்திய பொருள்களில் ஒன்று.

தண்டவாளமும் ஹைட்ரஜனும்

1911 ஆகஸ்ட் 25 அன்று அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் மான்செஸ்டர் என்ற ஊருக்கு அருகே லீஹை வேலி ரயில் தடம் புரண்டு 29 பேர் இறந்தார்கள். உடைந்த தண்டவாளத்தை ஆராய்ந்த ஜேம்ஸ் ஹோவர்ட், அதன் தலைப்பகுதிக்குள் குறுக்குவாட்டில் விரிசல்கள் வளர்ந்திருப்பதைக் கண்டார். விரிசல் உள்ளே பிறந்து வெளியே வருவதால், பாதையில் நடந்து பார்ப்பவரின் கண்ணுக்கு அது தெரியாது. காரணம் அப்போது யாருக்கும் பிடிபடவில்லை. எஃகு குளிரும்போது வெளியேற முடியாமல் அடைபட்ட ஹைட்ரஜன்தான் உள்ளே நுண்பிளவுகளை உண்டாக்குகிறது என்பது பின்னர் தெளிவானது. 1930களில் கனடாவில் மெக்கி என்பவர், சூடான தண்டவாளங்களை மூடிய பெட்டிகளில் அடுக்கி மெல்ல ஆறவிடும் முறையைக் கொண்டுவந்தார். மெல்ல ஆறினால் ஹைட்ரஜனுக்கு வெளியேற நேரம் கிடைக்கிறது. 1950களுக்குப் பிறகு, உருகிய எஃகையே வெற்றிடத்தில் வைத்து வாயுவை உறிஞ்சி எடுக்கும் முறை பரவியது.

உருகிய இரும்பு, 1600 டிகிரி செல்சியஸில், ஒரு வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ 25 பிபிஎம் ஹைட்ரஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். அறை வெப்பநிலையில் திட இரும்பு தாங்குவது அதில் மிகச் சிறு பகுதி. இந்த இடைவெளிதான் தண்டவாளத்தை உடைக்கிறது. வாயு எவ்வளவு கரையும் என்பது அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதம் என்று ஜெர்மானிய வேதியியலாளர் அடால்ஃப் ஸீவர்ட்ஸ் கண்ட விதி இன்றும் வெற்றிட உருக்காலையின் அடிப்படைக் கணக்கு. இந்திய ரயில்வேயின் தண்டவாள விவரக்குறிப்பான ஐஆர்எஸ் டி-12, உருகிய எஃகில் ஹைட்ரஜனை 1.6 பிபிஎம்முக்கு மேல் அனுமதிப்பதில்லை. ஐரோப்பிய தரமான இஎன் 13674-1, வழக்கமான தண்டவாள எஃகுக்கு 2.5 பிபிஎம் வரை இடம் கொடுக்கிறது.

1.6 பிபிஎம் என்பது ஒரு கிராம் எஃகில் 1.6 மைக்ரோகிராம் ஹைட்ரஜன். வாயுவாகப் பிரித்தால் ஏறத்தாழ 18 மைக்ரோலிட்டர். ஒரு தொடர்வண்டியின் பாதுகாப்பு இந்தச் சிறு அளவைச் சரியாக அளப்பதைச் சார்ந்திருக்கிறது. அதனால்தான் இந்தக் கருவியை அக்கறையோடு இயக்க வேண்டியிருக்கிறது.

இயங்கும் விதம்

தொடக்கத்தில் உலோகத்தை வெற்றிடத்தில் உருக்கி, வெளிவந்த வாயுவைப் பாதரச மானிகளால் அளந்தார்கள். 1912இல் வாக்கர், பாட்ரிக் என்ற இருவர் எஃகின் ஆக்சிஜனுக்கு இந்த வழியைப் பயன்படுத்தினர். வெற்றிடத்துக்குப் பதிலாக மந்த வாயுவை ஓடவிட்டு உருக்கும் விரைவு முறையை 1955இல் ஸ்மைலி வெளியிட்டார். இன்றைய கருவிகளின் வேர் அதில்தான்.

கருவியின் இதயம் ஒரு சிறு மின்முனை உலை. மேலும் கீழும் நீர் குளிர்விக்கும் செப்பு மின்முனைகள், நடுவே விரலளவு கிராஃபைட் மூசை. மூசை வழியே ஏறத்தாழ ஆயிரம் ஆம்பியர் மின்னோட்டம் பாயும்போது அது சில நொடிகளில் 2500 டிகிரிக்கும் மேல் சூடேறுகிறது. உள்ளே விழும் உலோகம் உருகி மூசையின் கரிமத்தைக் குடிக்கிறது. உலோக ஆக்சைடுகளின் ஆக்சிஜன் அந்தக் கரிமத்தோடு சேர்ந்து கார்பன் மோனாக்சைடாகிறது. நைட்ரைடுகள் சிதைந்து நைட்ரஜன் வாயுவாகின்றன. ஹைட்ரஜன் அப்படியே வெளியேறுகிறது. ஓடும் மந்த வாயு இவற்றைக் கண்டறிவான்களுக்கு அள்ளிச் செல்கிறது.

கார்பன் மோனாக்சைடு அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சும் அளவிலிருந்து ஆக்சிஜன் கணக்கிடப்படுகிறது. அடுத்து வாயு, சூடான காப்பர் ஆக்சைடு வழியே செல்கிறது. அங்கே கார்பன் மோனாக்சைடு கார்பன் டை ஆக்சைடாகவும், ஹைட்ரஜன் நீராவியாகவும் மாறுகின்றன. இரண்டையும் உறிஞ்சு பொருள்கள் பிடித்துவைத்துக்கொள்ள, எஞ்சும் நைட்ரஜன் வெப்பக் கடத்து அறைக்குப் போகிறது. நைட்ரஜனுக்கு ஹீலியம் ஏந்து வாயுவாக இருப்பதற்குக் காரணம், இரண்டின் வெப்பக் கடத்துத்திறனும் வெகு தொலைவில் இருப்பதுதான். ஹைட்ரஜனுக்கு அதே ஹீலியத்தை வைத்தால் பயன் இல்லை, இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் வெப்பத்தைக் கடத்தும். எனவே ஹைட்ரஜனை வெப்பக் கடத்து அறையில் அளக்கும்போது ஆர்கானோ நைட்ரஜனோ ஓடும். மூன்றையும் ஒரே ஓட்டத்தில் அளக்கும் புதிய கருவிகள், ஹைட்ரஜனை நீராவியாக்கி அகச்சிவப்பில் அளக்கின்றன.

இயக்கும் முறை

ஆய்வுக்கூடங்களில் கருவியைப் பெரும்பாலும் அணைப்பதே இல்லை. கண்டறிவானின் வெப்பநிலை நிலைகொள்ளப் பல மணி நேரம் ஆகும் என்பதால் இரவும் பகலும் மின்சாரம் ஓடும். காலையில் வருபவர் முதலில் பார்க்க வேண்டியது வாயு உருளையின் அழுத்தத்தையும் குளிர்நீர் ஓட்டத்தையும். அடுத்துக் கசிவுச் சோதனை. பிறகு உறிஞ்சு குழாய்கள். நீரைப் பிடிக்கும் மக்னீசியம் பெர்குளோரேட் கட்டிதட்டியிருந்தாலோ, கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும் சோடியம் ஹைட்ராக்சைடு நிறம் மாறியிருந்தாலோ உடனே மாற்ற வேண்டும். ஆண்டு முழுதும் மழை பெய்யும் ஜொகூரின் காற்றில் இவை வறண்ட ஊர்களைவிட வேகமாகத் தீரும். பெர்குளோரேட் ஒரு வலுவான ஆக்சிஜனேற்றி; மாதிரி கழுவும் அசிட்டோன் பக்கத்தில் அதைத் திறந்துவைப்பது ஆபத்து.

பிறகு வெறும் மூசையோடு ஓட்டங்கள், அதாவது பிளாங்க். மாதிரி இல்லாமலே கருவி காட்டும் அளவு, மூசையிலிருந்தும் ஏந்து வாயுவிலிருந்தும் வருவது. மூன்று நான்கு ஓட்டங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போன பிறகே அந்த அளவைக் கழிக்கலாம். ஒவ்வொரு முறையும் புதிய மூசைதான். அதையும் மாதிரி விழுமுன், பகுப்பாய்வுக்கு வேண்டியதைவிட அதிகத் திறனில் சுட்டுத் துப்புரவாக்க வேண்டும். இந்தச் சூடு குறைவாக இருந்தால் மூசையின் சொந்த வாயு மாதிரியின் கணக்கில் ஏறிவிடும்.

அடுத்து அளவுத்திருத்தம். சான்றளிக்கப்பட்ட மேற்கோள் மாதிரி, அளக்கப்போகும் பொருளைப் போன்றதாகவும் அதே அளவு வரம்பில் உள்ளதாகவும் இருக்க வேண்டும். 20 பிபிஎம் ஆக்சிஜன் எஃகுக்கு 200 பிபிஎம் மேற்கோளை மட்டும் வைத்து அளவுத்திருத்தம் செய்தால், கீழ் வரம்பின் பிழை மறைந்தே கிடக்கும்.

மாதிரி தயாரிப்பில்தான் பெரும்பாலான பிழைகள் பிறக்கின்றன. எஃகுக்கு வழக்கமாக ஒரு கிராம் துண்டு. அதில் 20 பிபிஎம் ஆக்சிஜன் என்பது 20 மைக்ரோகிராம். துண்டின் மேலுள்ள மெல்லிய துருப்படலமும், வெட்டும்போது சூடேறி நீலம்பாரித்த விளிம்பும், விரல் பட்ட வியர்வையும் அந்த 20இன் கணிசமான பகுதியைத் தாமே கொண்டுவந்துவிடும். எனவே குளிர்விப்புத் திரவம் ஊற்றி மெதுவாக வெட்டி, புதிய அரத்தால் எல்லாப் பக்கமும் அராவி, அசிட்டோனில் அலசி, வெதுவெதுப்பான காற்றில் உலர்த்தி, இடுக்கியால் மட்டும் பிடித்து, உடனே எடைபோட்டு உள்ளே போட வேண்டும். அராவிய பிறகு அரை நாள் மேசையில் கிடந்த மாதிரியை அளப்பதில் அர்த்தம் இல்லை.

டைட்டானியத்துக்கு வேறு வழி. அது ஆக்சிஜனை விடாமல் பிடிப்பதால் ஏறத்தாழ 0.1 கிராம் மட்டும் எடுத்து, நிக்கல் கூடையில் வைத்துச் சேர்த்து உருக்குவார்கள். மாங்கனீசு மிகுந்த எஃகு வேறொரு தொல்லை தரும்: ஆவியான மாங்கனீசு உலைச்சுவரில் படிந்து வாயுவை மீண்டும் உறிஞ்சும், எண் குறைவாக வரும்.

உருகல் நடக்கும்போது திரையில் எழும் அலைமுகட்டை அனுபவமுள்ளவர் எண்ணுக்கு முன்பே படிக்கிறார். ஒரே முகடு விரைந்து எழுந்து அடித்தளத்துக்கு இறங்கினால் நல்லது. வால் நீண்டுகொண்டே போனால் உலோகம் முழுதாக உருகவில்லை. முதன்மை முகட்டுக்கு முன்னால் சிறு முகடு தெரிந்தால் மேற்பரப்பு ஆக்சைடு இருந்திருக்கலாம். அது குறைந்த வெப்பநிலையிலேயே கரிமத்தோடு வினைபுரிந்துவிடும். ஓட்டம் முடிந்ததும் மூசைக்குள் ஒரு முறை எட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம். அடியில் தட்டையாகப் பரவிக் கிராஃபைட் செதில் மின்னும் மணி நன்றாக உருகியதற்கு அடையாளம். போட்ட வடிவத்திலேயே துண்டு நின்றால் அந்த எண்ணை எழுதக் கூடாது. பிறகு மின்முனைகளைத் தூரிகையால் துடைத்து, தூசு வடிகட்டியையும் பார்த்துவிட்டு அடுத்த மாதிரிக்குப் போகலாம்.

ஹைட்ரஜனின் தனிச் சிக்கல்

ஆக்சிஜனும் நைட்ரஜனும் உலோகத்தில் சேர்மமாக அமர்ந்திருக்கும், காத்திருக்கும். ஹைட்ரஜன் அறை வெப்பநிலையிலேயே எஃகிலிருந்து கசிந்து போய்விடும். ஆகவே உருகிய எஃகில் மாதிரி எடுப்பவர், காற்று நீக்கிய குவார்ட்ஸ் குழாயில் உறிஞ்சி, உடனே நீரில் குளிர்வித்து, திரவ நைட்ரஜனில் போடுகிறார். அங்கே மைனஸ் 196 டிகிரியில் அணுக்கள் நகராமல் இருக்கும். ஜொகூர் போன்ற ஈரப்பதம் மிகுந்த இடத்தில், குளிர்ந்த துண்டை வெளியே எடுத்த நொடியே அதன்மேல் பனி படியும். அந்த நீர் உலைக்குள் போனால் இல்லாத ஹைட்ரஜன் எண்ணில் ஏறும். எனவே துண்டை அசிட்டோனில் இட்டு வெப்பம் ஏற்றி, உலர்த்தி, தாமதமின்றி அளக்க வேண்டும். இந்தத் தவிப்பைத் தவிர்க்கவே, உருகிய எஃகுக்குள் நேரடியாக ஒரு சலாகையை முக்கி அளக்கும் ஹைட்ரிஸ் போன்ற முறை பல உருக்காலைகளில் வந்திருக்கிறது.

ஜொகூரின் பாசிர் குடாங்கில் உள்ளதைப் போன்ற மின்வில் உலை ஆலைகளுக்கு ஹைட்ரஜனைவிட நைட்ரஜன்தான் பெரிய கவலை. மின்வில் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிளந்து எஃகுக்குள் செலுத்துவதால், இவ்வகை எஃகில் நைட்ரஜன் வழக்கமாக 70 முதல் 100 பிபிஎம் வரை இருக்கும். அது கூடினால் கம்பி காலப்போக்கில் விறைத்து நொறுங்கும் தன்மை பெறும். கட்டுமானக் கம்பிக்கான பிஎஸ் 4449 தரத்தில் 0.012 சதவீதம் உச்ச வரம்பு.

தமிழ்நாட்டில்

வாயு எப்போதும் தீங்குதான் என்ற எண்ணத்தைக் கல்பாக்கம் மாற்றிக்காட்டுகிறது. இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் வடிவமைத்த 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலையின் முதன்மைக் கலனுக்கு 316 எல்(என்) என்ற துருப்பிடிக்கா எஃகு தேர்ந்தெடுக்கப்பட்டது. பற்றவைத்த இடம் அரித்துப்போகாமல் இருக்கக் கரிமத்தைக் குறைத்தார்கள். அதனால் குறைந்த வலிமையை ஈடுகட்ட நைட்ரஜனை வேண்டுமென்றே 0.06 முதல் 0.08 சதவீதம் சேர்த்தார்கள். இந்த வரம்பின் அகலம் 0.02 சதவீதம் மட்டுமே. கருவியின் அளவுத்திருத்தத்தில் 0.01 சதவீதம் வழுக்கினால் பாதி வரம்பு போய்விடும். நைட்ரஜனை 0.07 முதல் 0.22 சதவீதம் வரை வேறுபடுத்தி அந்த மையம் நடத்திய ஆய்வுகளில், உயர் வெப்பத்தில் நீண்ட நாள் சுமை தாங்கும் திறன் உள்ளிட்ட பண்புகளுக்கிடையே 0.14 சதவீதம் நல்ல சமநிலை தருவதாகத் தெரிந்தது.

திருச்சியில் பெல் நிறுவன வளாகத்தில் 1975இல் தொடங்கிய பற்றவைப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் துறைக்கு உரியது, பற்றில் ஊடுருவித் திரியும் ஹைட்ரஜன். கொதிகலன் எஃகில் பற்று குளிர்ந்து சில மணி நேரம் கழித்தும் விரிசல் விழுவது இதனால். இங்கே உலோகத்தை உருக்குவதில்லை. பற்றவைத்த துண்டைப் பனிநீரில் குளிர்வித்து, உறையவைத்துச் சேமித்து, ஐஎஸ்ஓ 3690 சொல்லும் வழியில் 400 டிகிரிக்கு மிகாமல் சூடாக்கி, வெளிவரும் ஹைட்ரஜனை மட்டும் ஏந்து வாயுவில் அளப்பார்கள். பழைய பாதரச முறையில் 45 டிகிரியில் 72 மணி நேரம் காத்திருக்க வேண்டும்; சூடாக்கும் முறையில் வேலை அரை மணிக்குள் முடியலாம். உருக்கி அளந்தால் உலோகத்துக்குள் சிறைப்பட்டு நகராதிருக்கும் ஹைட்ரஜனும் சேர்ந்து எண் கூடுதலாக வரும், பற்றவைப்புக்கு அது பயன்படாது.

இந்த அளவு, படிந்த 100 கிராம் உலோகத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் என்று எழுதப்படுகிறது. 1 மில்லிலிட்டர் என்பது ஏறத்தாழ 0.9 பிபிஎம். ‘எச்4’ என்று குறியிட்ட பற்றுக்கம்பி 4 மில்லிலிட்டருக்கு மேல் தரக் கூடாது. அந்த வரம்புக்குள் நிற்க, ஈரம் குடித்த காரப் பூச்சுக் கம்பியை 300 முதல் 350 டிகிரி வரை சுட்டு உலர்த்தி, சூடான பெட்டியிலேயே வேலையிடத்துக்கு எடுத்துச் செல்கிறார்கள்.