மண்ணில்லாத ஊருக்கு ஒரு சபை

நோர்வேயின் கிரிப்பில் அந்தக் காலத்தில் ஒருவர் இறந்தால் அங்கே அடக்கம் செய்ய முடியாது. தீவு சின்னது என்பது மட்டும் காரணமல்ல, தோண்டுவதற்கு மண் இல்லை. கடல் தேய்த்த பாறையும் அதன் இடுக்குகளில் ஒரு சாண் புல்லும்தான் அங்கே நிலம். ஆகவே பெட்டியைப் படகில் ஏற்றி, அவெரோய் தீவிலுள்ள பிரெம்ஸ்னெஸ் சேமக்காலைக்குக் கொண்டுபோவார்கள். கடல் விடாத நாட்களில் பெட்டியும் காத்திருக்கும்.

இதை எனக்குச் சொன்னவர் மீன் தொழிற்சாலையில் என் பக்கத்து மேசையில் நின்ற ஒரு வயதான அம்மா. கீழிருந்து வெளிச்சம் அடிக்கும் மேசையில் மீன் துண்டைப் போட்டு, மிச்சமிருக்கும் முள்ளையும் புழுவையும் பார்த்து எடுப்பது எங்கள் வேலை. கை வேலையில் இருக்கும், வாய் சும்மா இருக்காது. நான் நெடுந்தீவில் பிறந்தவள் என்றதும் அவர் கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "தீவுக்காரி என்றால் நீ கிரிப்பைப் பார்க்க வேண்டும்" என்றார்.

நான் நோர்வேக்கு வந்தது 1988-ல். அந்தக் காலத்தில் வந்த தமிழர் பலரைப்போல நானும் வட கோடியில், ஃபின்மார்க் மாகாணத்து மீன் தொழிற்சாலையில்தான் முதலில் நின்றேன். பிறகு பிள்ளைகளோடு தெற்கே இறங்கி, நோர்த்மோரக் கரையிலுள்ள கிறிஸ்தியான்சுண்ட் பட்டினத்தில் வீடெடுத்தோம். அங்கிருந்து வடமேற்கே, திறந்த கடலில் ஏறக்குறைய 14 கிலோமீட்டர் தூரத்தில் கிரிப். முதல் கோடையிலேயே படகேறிப் போனேன். அதன்பிறகு எத்தனை முறை போனேன் என்று கணக்கில்லை.

அது ஒரு தீவல்ல, எண்பதுக்கு மேற்பட்ட திட்டுகளும் பாறைகளும் சேர்ந்த கூட்டம். அவற்றில் ஒன்றில்தான் ஊர். மரமில்லை, வயலில்லை. குடிக்க மழைத்தண்ணீரை நம்பியிருந்தார்கள். எல்லாத் திட்டுகளையும் கூட்டினாலும் அரைச் சதுர கிலோமீட்டர் வராது. ஊரின் மிக உயர்ந்த இடம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 8 மீட்டர். அந்த உச்சியில் கோவிலைக் கட்டி, அதைச் சுற்றி வீடுகளை நெருக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு வீட்டுத் தாழ்வாரம் அடுத்த வீட்டுச் சுவரைத் தொடுகிறது. என் ஊரில் வேலிக்கும் பவளக் கல்லை அடுக்கி மதில் எழுப்புவோம். இங்கே வேலி போடக்கூட இடமில்லை.

இப்படிப்பட்ட இடத்தில் மனிதர் ஏன் குடியேறினார்கள்? மீனுக்காக. கொட் மீன் வளர்வது பாரன்ட்ஸ் கடலில். பருவம் வந்த மீன் முட்டையிடுவதற்காக ஒவ்வொரு குளிர்காலமும் நோர்வேக் கரையோரமாகத் தெற்கே நீந்திவரும். அப்படி வருவதை 'ஸ்க்ரை' என்பார்கள், அலைந்து திரிவது என்பது அந்தச் சொல்லின் வேர். அதில் பெரும்பகுதி லோஃபோத்தன் தீவுகளோடு நின்றுவிடும். ஒரு பகுதி இன்னும் இறங்கி இந்தக் கரைக்கு வரும். மாசி தொடங்கிச் சித்திரை பிறக்கும்வரை கிரிப்பைச் சுற்றிய கடலில் மீன் திரளும். இயந்திரம் இல்லாத காலத்தில், துடுப்பும் பாயும் மட்டும் உள்ளவனுக்கு, மீன் கிடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே படுத்தெழும்புவதுதான் பிழைப்பு. பட்டினத்திலிருந்து நாளாந்தம் 14 கிலோமீட்டர் வலித்துப் போய்வர ஏலாது.

ஆகவே பருவத்தில் வெளியூர்ப் படகுகள் வந்து குவியும். நூற்றுச் சொச்சம் பேர் வாழும் பாறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தங்குவார்கள். எங்கள் பக்கத்தில் பருவத்துக்குப் பருவம் முல்லைத்தீவுக் கரைக்குப் போய் வாடி போட்டுத் தங்குகிறவர்களை அறிந்தவர்களுக்கு இது விளங்கும். பலகைப் படுக்கை, நடுவில் அடுப்பு, மேலே காயும் ஈரச் சட்டைகள். நோர்வேயில் அந்த வாடிக்கு 'ரோர்பு' என்று பெயர். இன்றைக்கு உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுவது அதே பெயரில்தான்.

வாடி என்று சொன்னால், முற்பணம் கொடுத்து மீனைத் தன்னதாக்கும் சம்மாட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிரிப்புக்கும் அப்படி ஒருவன் வந்தான். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவீடனோடு நடந்த நீண்ட போர் டென்மார்க்-நோர்வே அரசனின் கஜானாவைக் காலியாக்கியது. கடனை அடைக்க அரசன் கோவில்களையும் அவற்றின் நிலங்களையும் விற்றான். கிரிப்பும் 1728-ல் ட்ரொண்ட்ஹைம் வணிகரான ஹன்ஸ் ஹோர்னமன் கைக்குப் போனது. கோவில் உட்பட ஒரு முழு ஊர் ஒரு தனியாளின் சொத்து! இந்தக் கரை நெடுக, மீன்பிடித் தளத்துக்கு உடையவனாக இருந்தவனிடமே மீனை விற்க வேண்டும், அவன் கடையிலேயே மாவும் தூண்டில் கயிறும் வாங்க வேண்டும். விலை இரண்டையும் அவனே சொல்வான். மீன் படாத வருஷம் கடன் ஏறும், கடன் ஏறினால் அடுத்த வருஷத்து மீனும் அவனுடையதாகிவிடும். சம்மாட்டியிடம் முற்பணம் வாங்கிய வீட்டில் பிறந்த எனக்கு இதைப் படிக்கும்போது தொண்டை அடைத்தது. என் அப்புவும் ஒரு பருவம் முழுக்கத் தொழில் செய்து, கணக்குப் பார்த்த நாளில் வெறுங்கையோடு வீடு வந்திருக்கிறார். கிரிப்பில் இந்த ஏற்பாடு பல தலைமுறைக்கு நீடித்தது.

மீன் போனது எங்கே? 1690களில் யாப்ப இப்பஸ் என்ற ஒல்லாந்தர், இன்றைய கிறிஸ்தியான்சுண்ட் இருக்கும் இடத்தில் கொட் மீனை உப்பிட்டுக் காயவைக்கும் தொழிலைத் தொடங்கினார். மீனைப் பிளந்து, நடுமுள்ளின் பெரும்பகுதியை எடுத்து, உப்பில் அடுக்கி வாரக்கணக்கில் வைப்பார்கள். பிறகு கழுவி, வெறும் பாறையில் பரப்பி வெயிலும் காற்றும் பட விடுவார்கள். 'கிளிப்ஃபிஸ்க்' என்றால் பாறை மீன். இதைக் கருவாடு என்று சொன்னால் என் பிள்ளைகள் சிரிப்பார்கள், ஆனால் கருவாடு அல்லாமல் வேறென்ன? பரப்புவதும், மழை வருமுன் ஓடிப்போய் அள்ளுவதும், மாலையில் வட்டக் குவியலாக அடுக்கி மரமூடி போடுவதும் பெரும்பாலும் பெண்களின் வேலை. முதுகு ஒடியும் வேலை. பக்கத்து மேசை அம்மாவின் தாயார் அந்தப் பாறைகளில் நின்றவர். ஸ்பெயினுக்கும் போர்த்துக்கலுக்கும் பிறகு பிரேசிலுக்கும் அந்த மீன் போனது, திரும்பும் கப்பலில் உப்பு வந்தது. பட்டினம் அதனாலேயே வளர்ந்து 1742-ல் நகர உரிமை பெற்றது. இன்றும் அங்கே தக்காளி, வெங்காயம், மிளகாய் போட்டு அந்த மீனைச் சமைத்து 'பக்கலாவ்' என்கிறார்கள். நான் கொஞ்சம் புளியும் விடுவேன்.

மற்ற எல்லாவற்றையும்விட என்னை அந்தத் தீவுக்குத் திரும்பத் திரும்ப இழுப்பது கோவில்தான். 1470 அளவில் கட்டிய மரக்கோவில். மரத்தூண்களை நிறுத்திப் பலகை இறக்கும் பழைய நோர்வே முறையில் எழுந்தது, அந்த வகைக் கோவில்களில் மிகச் சிறியவற்றில் ஒன்று. 1621-ல் திருத்தி எடுத்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் நெல் வைக்கும் கொட்டில் அளவு. உள்ளே பீடத்தில் மூன்று மடிப்பாக விரியும் மரச்சிற்பம். நடுவில் மாதா, பக்கங்களில் அரசனாக இருந்து புனிதரான ஓலாவும் புனித மார்கரீத்தும். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெதர்லாந்தில் செய்தது. இதே கையால் செய்தவை என்று நம்பப்படும் இன்னும் நான்கு, கின், லேக்கா, ஹாட்செல், ரோஸ்ட் என்று இதே மேற்குக் கரைக் கோவில்களில் இருக்கின்றன. இளவரசி இசபெல்லா 1515-ல் டென்மார்க்-நோர்வே அரசன் இரண்டாம் கிறிஸ்தியானை மணக்கக் கடல்வழி வந்தபோது புயலில் தப்பினாள், அந்த நேர்த்திக்கடனாக ஐந்தையும் கொடுத்தாள் என்பது கதை. அவளை அழைத்துவரப் போனவர் ட்ரொண்ட்ஹைம் பேராயர் எரிக் வால்கெந்தோர்ஃப். ஆகவே சிற்பங்கள் இந்தக் கரைக்கு வந்த வழி அவருடையதாக இருக்கலாம் என்பார்கள். எனக்கு இளவரசியின் கதைதான் பிடிக்கும். பதினாலு வயதுப் பெண் பிள்ளை, முகம் தெரியாத மாப்பிள்ளை, கடல். அவள் நேர்ந்திருப்பாள்.

அதைவிடப் பெரிய புதுமை இன்னொன்று. 1537-ல் நோர்வே லூத்தர் சபைக்கு மாறியது. புனிதர்களுக்கு வைக்கும் வணக்கம் முடிந்தது. ஆனால் கிரிப்பின் மாதா பீடத்தைவிட்டு இறங்கவில்லை. வறிய மீனவர்களிடம் வேறு சிற்பம் வாங்கக் காசில்லாமல் இருந்திருக்கலாம். புயல் நாளில் ஊரே அந்த உச்சிக்கு ஏறிக் கோவிலுக்குள் ஒண்டியிருக்கும் என்று சொல்வார்கள். 1796-ல் அடித்த புயலில் கடல் ஊரின் பெரும்பகுதியை வாரிக்கொண்டு போனது, கோவில் நின்றது. அப்படி நின்ற கோவிலிலிருந்து யார் எதை எடுத்து எறிவார்கள்? முதல்முறை போனபோது நான் அங்கே முழங்காலில் இருந்து ஒரு மங்கள வார்த்தை ஜெபம் சொன்னேன். லூத்தர் சபைக் கோவிலில் அது வழக்கமில்லை. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

இனி, சபை. நோர்வேயில் 1837-ல் ஒரு சட்டம் வந்து ஊராட்சியை ஊர்க்காரர் கையில் கொடுத்தது. 'கொம்யூன' என்ற அந்த அமைப்பு எங்கள் பழைய கிராமசபையைவிடப் பலம் கூடியது. பள்ளிக்கூடம், வறியோர் பராமரிப்பு, உள்ளூர் வரி எல்லாம் அதன் பொறுப்பு. கிரிப் முதலில் அவெரோய்ப் பக்கத்துப் பெரிய கொம்யூனவோடு ஒட்டியிருந்தது. 1897 செப்டம்பர் 1-ஆம் திகதி பிரிந்து தனிக் கொம்யூன ஆனது. அன்று அதன் சனத்தொகை 196. பரப்பிலும் ஆட்களிலும் நாட்டிலேயே சிறியது.

கூட்டத்துக்குப் போகவே கடலைக் கேட்க வேண்டிய ஊருக்குத் தனிச் சபை கொடுத்ததில் நியாயம் இருந்தது. ஆனால் நான் நினைத்துப் பார்ப்பது அந்த மனிதர்களை. பாட்டன் பூட்டன் காலம் முழுக்க இன்னொருவனின் பாறையில் நின்று, இன்னொருவன் சொன்ன விலைக்கு மீன் கொடுத்தவர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பள்ளிக்கூடத்துக்கு விறகு எவ்வளவு, எந்த விதவைக்கு எவ்வளவு என்று தாங்களே முடிவெடுக்கிறார்கள். அதை அடுத்து வாக்குரிமையும் விரிந்தது. 1898-ல் ஆண்களுக்குப் பொது வாக்குரிமை வந்தது. 1901-ல் வரி கட்டும் வீட்டுப் பெண்களுக்கும், 1910-ல் எல்லாப் பெண்களுக்கும் உள்ளூர்ச் சபைக்கு வாக்குப்போடும் உரிமை கிடைத்தது. இருநூறு பேர் ஊரில் ஒவ்வொரு வாக்கும் ஒரு முகம்தான்.

இந்தச் சபை 66 வருஷம் வாழ்ந்தது. அதை முடித்தது புயலல்ல. படகுக்கு இயந்திரம் வந்ததும், மீனுக்குப் பக்கத்தில் படுக்க வேண்டிய தேவை போய்விட்டது. பட்டினத்தில் வீடு வைத்துக்கொண்டே காலையில் போய் மாலையில் வரலாம். படகுகள் பெருத்தன, கிரிப்பின் சின்னத் துறை அவற்றுக்குப் போதவில்லை. மேல்வகுப்புக்குப் போன பிள்ளைகள் திரும்பவில்லை. இன்னொரு பக்கம் அரசாங்கம், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நிக்கோலாய் ஷை தலைமையில் அமைத்த குழுவின் சொற்படி சின்னக் கொம்யூனகளைச் சேர்க்கத் தொடங்கியிருந்தது. 744 கொம்யூனகள் 454 ஆகக் குறைந்தன. 1964 சனவரி 1-ஆம் திகதி கிரிப்பும் கிறிஸ்தியான்சுண்டோடு சேர்ந்தது. அப்போது அங்கே 104 பேர். 1974-ல் நிரந்தரமாகக் குடியிருந்த கடைசி ஆட்களும் வெளியேறினார்கள். ஊருக்கு அப்பால் தனிப் பாறையில் 1888-ல் கட்டிய கலங்கரை விளக்கம் 40 மீட்டருக்கு மேல் உயரமானது. அதில் காவலர் இன்னும் மூன்று வருஷம் இருந்தார்கள். 1977-ல் அது தானியங்கியானது.

சேர்த்ததைப் பிழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மருத்துவச்சியும் மருந்தும் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊரில் வாழ்வது என்னவென்று, நெடுந்தீவுக்குப் படகேறும் குறிகட்டுவான் இறங்குதுறையில் இரவு முழுக்கக் காத்திருந்த எனக்குத் தெரியும். ஆனாலும் 196 பேருக்கு ஒரு சபை பொறுக்கும் என்று நினைத்த நாடு, 104 பேருக்குப் பொறுக்காது என்று கணக்குப் போட்டது எனக்கு வலிக்கிறது.

இப்போது கோடையில் வீடுகள் திறக்கின்றன. பேரப்பிள்ளைகள் வந்து சுவருக்கு வர்ணம் அடிக்கிறார்கள், சிவப்பும் மஞ்சளும் வெள்ளையுமாக. கோவிலில் கலியாணங்கள் நடக்கின்றன. கூரை விளிம்பில் இறங்கும் பீலிகளை நான் ஒவ்வொரு முறையும் நின்று பார்ப்பேன். நெடுந்தீவில் அம்மா மாரி மழைக்கு அண்டாவை வைக்கும் இடம் கண்ணில் வரும்.

போன ஆவணியில் திரும்பும் படகு புறப்பட நேரமானது. காற்று எழும்பியிருந்தது. படகோட்டி எங்களை ஒவ்வொருவராக விரல்விட்டு எண்ணினார், ஒரு தலை குறைந்தது. கோவில் பக்கமிருந்து ஒரு கிழவர் கையில் சின்னத் தகரப்பெட்டியோடு இறங்கி வந்தார். பிரெம்ஸ்னெஸ் சேமக்காலையில் தாயின் கல்லறையில் நடுவதற்காம், பாறை இடுக்கிலிருந்து கிளப்பியெடுத்த ஒரு பிடி புல்லும் அதன் வேரில் ஒட்டிய மண்ணும்.