மே 12: வன்னியின் பெயரில்லாத தாதியர்

மே 12 சர்வதேச தாதியர் தினம். 1820 இல் புளோரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்த நாள். எங்கட ஆஸ்பத்திரிகளிலும் அன்றைக்கு விளக்கேற்றுவார்கள், வெள்ளை உடுப்போடு நின்று படம் எடுப்பார்கள்.

2009 இலும் மே 12 வந்தது. அது ஒரு செவ்வாய்க்கிழமை. முள்ளிவாய்க்காலில் ஒரு பாடசாலைக் கட்டடத்தில் இயங்கிக்கொண்டிருந்த ஆஸ்பத்திரியில் அன்று காலை ஷெல் விழுந்தது. ஏறத்தாழ 50 பேர் கொல்லப்பட்டதாக அன்றைய செய்திகள் சொல்லின. போர் வலயத்துக்குள் மிஞ்சியிருந்த ஒரேயொரு ஆஸ்பத்திரி அதுதான். தாதியர் தினத்தில் அங்கே வேலையில் நின்ற தாதியர் யார்? எங்களில் எத்தனை பேருக்கு ஒரு பெயராவது தெரியும்?

இந்தக் கேள்வி எனக்கு வந்தது, படிப்பை முடித்துவிட்டு முதல் நியமனத்துக்குக் கிளிநொச்சிக்கும் மாஞ்சோலைக்கும் வாற இளம் தாதியரைப் பார்த்துத்தான். ஒரு வேலையில் புதிதாகச் சேருகிறவருக்கு, தனக்கு முதல் அந்த இடத்தில் நின்றவர்களைப் பற்றி யாராவது சொல்ல வேணும். வன்னியில் அந்தக் கதை சொல்லப்படவே இல்லை.

வன்னி ஆஸ்பத்திரிகளின் கதை இடம்பெயர்வின் கதை. 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் மருந்துகளும் அடக்கம். 1996 இல் சத்ஜெய நடவடிக்கையில் கிளிநொச்சி நகரம் இராணுவத்திடம் போனபோது ஆஸ்பத்திரி அக்கராயனுக்குப் போனது. சமாதான காலத்தில் நகரத்துக்குத் திரும்பியது. 2008 செப்டெம்பரில் ஐ.நா. அமைப்புகள் வன்னியை விட்டு வெளியேறின. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியும் சனத்தோடு சேர்ந்து ஓடத் தொடங்கியது: தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, புதுமாத்தளன், கடைசியில் முள்ளிவாய்க்கால். ஒவ்வொரு முறையும் கட்டில், மருந்துப்பெட்டி, காயக்காரர் எல்லாரையும் ஏற்றி இறக்க வேணும். பிறகு ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் திரும்பவும் வோட் தொடங்க வேணும். அதை எல்லாம் ஒருசில டொக்டர்மார் மட்டும் செய்திருக்க முடியாது.

அந்த டொக்டர்மாரின் பெயர்கள் எங்களுக்குத் தெரியும்: சத்தியமூர்த்தி, வரதராஜா, சண்முகராஜா. அவர்கள் கொழும்புக்குக் கடிதம் எழுதினார்கள், வெளிநாட்டு ஊடகங்களோடு பேசினார்கள், போர் முடிந்ததும் தடுத்து வைக்கப்பட்டார்கள். அவர்கள் பெயர் நிலைத்தது நியாயம். ஆனால் டொக்டர் வெட்டித் தைத்துவிட்டு அடுத்த காயத்துக்குப் போன பிறகு, இரவு முழுக்க அந்த உடம்புக்குப் பக்கத்தில் இருந்தது யார்? மயக்க மருந்தில்லாமல் அவயவங்கள் அகற்றப்பட்டதையும், நோயாளியின் இரத்தத்தையே பிடித்துத் துணியால் வடித்து அவருக்கே திரும்ப ஏற்றியதையும் 2011 இல் வந்த ஐ.நா. நிபுணர் குழு அறிக்கை பதிவு செய்திருக்கிறது. அந்தத் துணியைப் பிடித்த கைகளில் தாதியரின் கைகளும் இருந்திருக்கும். அந்தக் கைகளுக்குப் பெயரில்லை.

பெயரில்லாமல் போனதற்கு ஒரு காரணம், அவர்களில் பலர் கடதாசியின்படி தாதியரே இல்லை. அப்போது அரச தாதியாக வர ஏ.எல். இல் விஞ்ஞானம் படித்துச் சித்தியடைய வேண்டியிருந்தது. பிறகு மூன்று வருடப் பயிற்சி. இடம்பெயர்ந்து மரத்துக்குக் கீழே படித்த பிள்ளைக்கு ஆய்வுகூடம் எங்கே, பயோ படிப்பிக்க ஆசிரியர் எங்கே? பயிற்சி பெற்றவர்கள் போதாத இடத்தைத் தொண்டர்கள் நிரப்பினார்கள். காயம் கட்டியே காயம் கட்டப் பழகினார்கள். முகாமைக் கடந்து வெளியே வந்தபோது, செய்த வேலைக்கு அவர்களிடம் சான்றிதழ் இல்லை. போருக்குப் பிறகும் வடக்கின் சுகாதாரத் தொண்டர்கள் நிரந்தர நியமனம் கேட்டு வீதியில் இருந்ததை நாங்கள் பார்த்தோம்.

இன்னொரு காரணம் பயம். 'அந்தக் காலத்தில் அங்க வேலை செய்தனான்' என்று சொல்வது போருக்குப் பிறகு ஆபத்தான வசனம். விசாரணைக்கு வழி திறக்கிற வசனம். அதனால் பேசாமல் இருந்தார்கள். சிலர் இப்பவும் பேசாமல்தான் இருக்கிறார்கள்.

இங்கே நைட்டிங்கேலை வேறு விதமாகப் பார்க்கலாம். விளக்கேந்திய சீமாட்டி என்றுதான் எங்களுக்குப் பாடப்புத்தகத்தில் சொல்லித் தந்தார்கள். அவர் கிரிமியப் போர்க்கால ஆஸ்பத்திரியில் செத்தவர்களைக் கணக்கெடுத்தவர். காயத்தால் செத்த படையினரை விட நோயால் செத்தவர்கள் அதிகம் என்று எண்களால் காட்டி, அரசாங்கத்தைக் கேள்வி கேட்டவர். 1860 இல் லண்டனில் தாதியர் பாடசாலை தொடங்கியது அதற்குப் பிறகுதான். விளக்கைப் போல அவரது குறிப்பேடும் தாதியர் வரலாற்றின் பகுதி. அவருக்குக் குறிப்பேட்டை வெளியே கொண்டுபோக வழி இருந்தது. முள்ளிவாய்க்காலில் இருந்து வந்தவர்களுக்கு உடுத்த உடுப்போடு வருவதே பெரிய பாடு.

புதிதாக வன்னிக்கு வாற தாதியருக்கு அது ஒரு 'கஷ்டப் பிரதேசம்'. எப்ப மாற்றம் எடுக்கலாம் என்ற யோசனை வருவதில் குற்றமில்லை. குடும்பம், பிள்ளை, தூரம் எல்லாம் உண்மையான பிரச்சினைகள். ஆனால் அவர் ஊசி போடுகிற அம்மாவின் காலில் இப்பவும் ஷெல் துண்டு இருக்கலாம். பக்கத்து வோட்டில் தரை துடைக்கிற அக்கா, 2009 இல் புதுமாத்தளனில் சேலைன் ஏற்றினவவாக இருக்கலாம். அது தெரிந்தால் அந்த அக்காவோடு கதைக்கிற விதமே மாறும்.

அதனால் எங்கட தலைமுறைக்கு ஒரு வேலை இருக்கிறது. உங்கள் ஊரில் அப்படி ஒருத்தர் இருந்தால் போய்க் கேளுங்கள். அவசரப்படுத்தாதீர்கள். விருப்பமில்லை என்றால் விட்டுவிடுங்கள். பெயர் வேண்டாம் என்றால் பெயரில்லாமல் எழுதுங்கள். எந்த ஆஸ்பத்திரியில் நின்றார், எத்தனை நாள், என்ன மருந்து முதலில் முடிந்தது, யார் கூட நின்றார்கள். இவ்வளவும் போதும். அப்போது 20 வயதாக இருந்தவர்களுக்கு இப்போது முப்பத்தைந்துக்கு மேல். இன்னும் கேட்கலாம்.