முக்கொம்பும் கல்லணையும்: மணலைப் பின்னோக்கிக் கணக்கிட்ட கதை

ஸ்ரீரங்கம் ஒரு தீவுன்னு எல்லாருக்கும் தெரியும். மேற்கே முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறது. கிழக்கே கல்லணைக்குப் பக்கத்தில் காவிரியும் கொள்ளிடமும் மறுபடி நெருங்கி வருகின்றன. தீவின் இரண்டு முனையிலும் அணைகள். இரண்டுமே நிற்பது பாறைமேல் இல்லை, ஆற்று மணல்மேல்.

மணல்மேல் அணை கட்டினால் என்ன ஆபத்து? தண்ணீர் அணைக்கு அடியில் புகுந்து மறுபக்கம் வெளியே வரும். வேகம் அதிகமானால் மணலையும் இழுத்துக்கொண்டு வரும். அடித்தளம் பொள்ளலாகிவிடும். அப்படின்னா அந்த மணல் எவ்வளவு நீரை விடும்னு தெரிஞ்சாகணும், இல்லையா?

1830களில் கொள்ளிடம் நீரை இழுத்துக்கொள்ள, காவிரி மேடிட்டுக்கொண்டிருந்தது. தஞ்சை வயல்களுக்குத் தண்ணீர் குறைந்தது. ஆர்தர் காட்டன் 1836இல் மேலணை வேலையைத் தொடங்கினார். மண்ணில் நீர் ஓடும் வேகத்துக்கு டார்சி விதி தந்தது 1856இல்தான். அப்போ காட்டனிடம் இருந்தது என்ன? கல்லணை.

கரிகாலன் பெயரோடு சொல்லப்படும் அந்த அணை கல்லும் களிமண்ணும்தான். ஆனால் பல நூற்றாண்டு வெள்ளத்தைத் தாங்கி நின்றது. இவ்வளவு அகலம், இவ்வளவு நீர் உயரம், அணை நிற்கிறது. அப்படின்னா இந்த மணல் இவ்வளவு தாங்கும். விளைவைப் பார்த்து மண்ணின் குணத்தைச் சொல்வது. ஆழம் காணமுடியாத மணலில் அடித்தளம் நிறுத்தும் வித்தையை இந்த மண்ணின் பழைய கட்டுநர்களிடம் கற்றதாகக் காட்டனே எழுதியிருக்கிறார். அந்தப் பாடம் பிறகு கோதாவரியின் தவளேசுவரம் வரை போனது.

1910இல் பிளை என்ற பொறியாளர் இதை எண்ணாக்கினார். நின்ற அணைகளையும் இடிந்த அணைகளையும் பார்த்து, ஒவ்வொரு மணலுக்கும் ஒரு குணகம் கொடுத்தார். பருமணலுக்கு 12. அதாவது 10 அடி நீர் உயரத்துக்கு, அடியில் நீர் ஊரும் பாதை 120 அடி இருக்கணும். ஆனால் 1926-27இல் மேல் செனாப் கால்வாயில் குழாய் பதித்து அழுத்தத்தை அளந்தபோது பிளையின் கணக்கு ஒத்துவரவில்லை. அதிலிருந்து கோஸ்லாவின் கோட்பாடு 1936இல் வந்தது.

இன்றைக்கு இதையே இன்வர்ஸ் மாடலிங் என்கிறோம். வயலில் ஈரத்தை அளக்கிறோம். கணினி மண்ணின் எண்களை மாற்றி மாற்றிப் போட்டு, அளவீட்டோடு எது பொருந்துதுன்னு பார்க்கிறது. சிக்கல் என்னன்னா, வேறுவேறு மண் குணங்கள் ஒரே அளவீட்டுக்குப் பொருந்திவிடலாம். கிடைத்த விடையும் அளந்த சூழ்நிலைக்குத்தான் நம்பகமானது.

2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் 45 மதகுகளில் ஒன்பது இடிந்து விழுந்தன. மணல் அள்ளியதுதான் காரணம்னு விவசாயிகள் சொன்னாங்க; 180 வருஷப் பழைய கட்டுமானம்னு அரசு சொன்னது. காரணம் எதுவானாலும் ஒன்று நிச்சயம். இத்தனை வருஷம் நின்றது என்ற சாட்சி, ஆறு மாறாமல் இருக்கும்வரைதான் செல்லும். படுகை தாழ்ந்தால் பழைய விடையை வைத்துக்கொண்டு உட்கார முடியாது; திரும்ப அளக்கணும்.

அடுத்த அத்தியாயத்தில் சந்திக்கலாம்.