ஸ்கூல் வானின் கூரையில் ஒரு வழி வேண்டும்: காற்றின் சின்ன வரலாறு

 

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பெற்றோருக்கும் வான் ஓட்டும் சகோதரர்களுக்கும் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பிள்ளைகள் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் பொறுமையாக வாசியுங்கள்.

ஏப்ரல் முதற்பகுதியில் நண்பகல் சூரியன் கொழும்புக்கு நேர் மேலே வருகிறது. பகல் ஒன்றரைக்குப் பாடசாலை விடும்போது, வெயிலில் நின்ற வானின் தகரக் கூரையில் கை வைக்க முடியாது. அதற்குள்தான் பத்துப் பதினைந்து பிள்ளைகள் ஏறுகிறார்கள். கடைசிப் பிள்ளை வரும் வரை வான் நிற்கும். என்ஜின் நின்றால் ஏசியும் நிற்கும். நெற்றி வேர்த்து, தலையிடியோடு வீட்டுக்கு வரும் பிள்ளையைப் பார்க்காத தாய் நம்மில் யார்?

"ஒரு ஃபேன் போட்டால் சரி" என்கிறார்கள். எந்த ஃபேன், எங்கே போடுவது? இந்தக் கேள்விக்கு மனிதன் பல நூறு வருடங்களாக விடை தேடியிருக்கிறான்.

சூடான காற்று மேலே போகும். இதை நம் முன்னோர் பாடப்புத்தகம் இல்லாமலே அறிந்திருந்தார்கள். ஈரானின் யஸ்த் நகரத்து வீடுகளின் மேல் உயரமான காற்றுக் கோபுரங்கள் நிற்கின்றன. பாரசீகத்தில் அவற்றின் பெயர் பாத்கீர், அதாவது காற்றைப் பிடிப்பது. எகிப்தில் அதே வேலையைச் செய்வது மல்கஃப். கெய்ரோவில் 1160இல் கட்டப்பட்ட அஸ்ஸாலிஹ் தலாயி பள்ளிவாசலில் மிம்பருக்கு அருகே கூரைக் காற்றை உள்ளே இறக்கும் வழி ஒன்று இருக்கிறது. தொழ வருபவர்கள் நெருங்கி நிற்கும் இடத்தில் காற்று வேண்டும் என்று அந்தக் கொத்தனார்கள் யோசித்திருக்கிறார்கள்.

ஐரோப்பாவில் இந்தத் தேவை வேறு விதமாக வந்தது. 1730களில் லண்டன் பாராளுமன்ற மண்டபத்தின் கெட்ட காற்றை வெளியேற்ற டெசாகுலியர் என்ற விஞ்ஞானி கையால் சுற்றும் ஒரு சக்கர விசிறியைப் பொருத்தினார். அதைச் சுற்றும் ஆளைத்தான் முதலில் "வென்டிலேட்டர்" என்று அழைத்தார்கள். இன்று இயந்திரத்துக்கு இருக்கும் பெயர் அன்று ஒரு தொழிலாளிக்கு இருந்தது. இந்தியாவிலும் இலங்கையிலும் வெள்ளைக்காரத் துரைமார் தூங்கும்போது வெளியே இருந்து பங்கா கயிறு இழுத்தவரும் அதே இனம்தான்.

1750இல் லண்டனின் நியூகேட் சிறைக் கைதிகளிடமிருந்து நீதிமன்றத்துக்குள் காய்ச்சல் பரவி, மேயரும் நீதிபதிகளும் உட்படப் பலர் இறந்தார்கள். அதன் பிறகு ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற பாதிரியாரின் திட்டப்படி சிறையின் கூரை மேல் காற்றாலை வைத்து உள்காற்றை வெளியே இழுத்தார்கள். அந்தக் காய்ச்சல் பேன் மூலம் பரவுகிறது என்பது 1909இல்தான் நிரூபணமானது. ஆனால் அடைத்த இடத்தில் ஆட்களை நெருக்கினால் கெட்ட காற்று போக ஒரு வழி வேண்டும் என்ற பாடம் அப்போதே எழுதப்பட்டுவிட்டது.

இனி நம் ஊருக்கு வருவோம்.

பழைய நீராவிக் கப்பல்களின் மேல்தளத்தில் பெரிய ஊதுகுழல் மாதிரி வளைந்த குழாய்கள் நிற்கும். கொழும்புத் துறைமுகத்தின் பழைய படங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அவை அலங்காரமில்லை. காற்று வரும் பக்கம் வாயைத் திருப்பினால் கீழே என்ஜின் அறையில் கரி அள்ளுபவருக்குக் காற்று இறங்கும்.

1899இல் கொழும்பில் ட்ராம் கார் ஓடத் தொடங்கியது. கோட்டையிலிருந்து ஒரு பாதை கிராண்ட்பாஸுக்கு, இன்னொன்று பொரளைக்கு. 1960 வரை ஓடியது. பக்கச் சுவரே இல்லாத திறந்த வண்டிகள் அவை. மழைக்கு நனைந்தார்கள், ஆனால் யாரும் புழுங்கவில்லை. ரயில் பெட்டிகளுக்கு ஆங்கிலேயப் பொறியியலாளர்கள் கூரையிலேயே சிறு தொப்பி போன்ற காற்றுப்போக்கிகளை வைத்தார்கள். ரயில் ஓடும்போது மேலே அடிக்கும் காற்றே உள்ளே இருக்கும் சூட்டை உறிஞ்சி எடுத்துவிடும்.

1920களில் பின்லாந்துக்காரர் சவோனியஸ் காற்றில் தானே சுழலும் ஓர் உருளையைக் கண்டுபிடித்தார். அதை வைத்து ஜெர்மனியின் அன்டன் ஃப்ளெட்னர் வாகனக் கூரைக்கான காற்றுப்போக்கி செய்தார். மின்சாரம் வேண்டாம், காற்று அடித்தால் சுற்றும். நூறு வருடம் ஆகியும் உலகம் முழுக்க வான்களின் தலையில் அது சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. நம் களஞ்சியங்களின் கூரையில் சுழலும் வெள்ளி உருண்டையும் கிட்டத்தட்ட அதே யோசனை.

அமெரிக்காவில் படுக்கை, அடுப்பு எல்லாம் வைத்த கேரவன் வண்டிகள் பெருகியபோது ஒரு நல்ல காரியம் நடந்தது. கூரை ஓட்டைக்கு 14 அங்குலச் சதுரம் என்ற அளவு வழக்கமானது. ஆரம்பத்தில் அது வெறும் மூடி. பிறகு அதே ஓட்டையில் 12 வோல்ட் ஃபேன் வந்தது. அடுத்து உள்ளே இழுக்கவும் வெளியே தள்ளவும் கூடிய ஃபேன், சூட்டைப் பார்த்துத் தானே ஓடுவது, மழைத்துளி பட்டால் தானே மூடுவது என்று வளர்ந்தது. அளவு மாறாததால் பழையதைக் கழற்றிப் புதியதை மாட்ட வண்டியை மறுபடி வெட்டத் தேவையில்லை.

இதில் நமக்கு என்ன இருக்கிறது? ஒரு கணக்குப் போடுவோம்.

சாதாரண பாடசாலை வானின் உள்ளே சுமார் 300 கனஅடி காற்று இருக்கும். நல்ல 14 அங்குல ஃபேன் நிமிடத்துக்கு 900 கனஅடி வரை தள்ளும் என்கிறார்கள். நடைமுறையில் அதில் பாதி என்று வைத்தாலும், ஒரு நிமிடத்துக்குள் வானின் காற்று முழுவதும் மாறிவிடும். அது எடுக்கும் மின்சாரம் சுமார் 3 அம்பியர். பாடசாலை வாசலில் 20 நிமிடம் என்ஜினை நிறுத்திவிட்டு ஓடவிட்டால் 1 அம்பியர் மணி செலவாகும். வானின் பற்றரி பொதுவாக 50 அம்பியர் மணிக்கு மேல். நல்ல பற்றரிக்கு இது ஒரு சுமையே இல்லை.

டேஷ்போர்டில் மாட்டும் சின்ன ஃபேன் இதைச் செய்யாது. அது உள்ளே இருக்கும் சூட்டையே கலக்கும். ஏசியும் முழு விடையில்லை. ஜன்னலை எல்லாம் மூடி உள்காற்றையே சுழலவிட்டால், பிள்ளைகள் விடும் மூச்சு உள்ளேயே தேங்கும். குளிரும், ஆனால் தலையிடியும் தூக்கமும் வரும். வெளிக்காற்று வரும் பொத்தானை இடைக்கிடை போடுங்கள்.

வான் வைத்திருக்கும் சகோதரர்கள் கவனிக்க வேண்டியவை:

1. கூரையில் காற்று வெளியேற, கீழே அது நுழைய வழி வேண்டும். முன் ஜன்னல்களைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். எல்லாவற்றையும் அடைத்துவிட்டு ஃபேன் போட்டால், பின் கதவு இடுக்கு வழியாகப் புகைக்குழாய்ப் புகையை அது உள்ளே இழுக்கும். அதிலுள்ள காபன் மொனொக்சைட்டுக்கு வாசனையே கிடையாது. உயிரை எடுக்கும். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம்.

2. பிள்ளைகள் ஏறும் முன் இரண்டு நிமிடம் எல்லாக் கதவுகளையும் திறந்து வையுங்கள். இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

3. கூரையை வெட்டுவதானால் குறுக்குச் சட்டங்களை வெட்டாத, அனுபவமுள்ள பாஸிடம் கொடுங்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

4. நம்முடையது கடற்கரை ஊர். வெட்டிய தகர விளிம்பில் பெயின்ட் அடிக்காவிட்டால் உப்புக்காற்று அரித்துவிடும். மழைக்காலத்துக்கு முன் சீலன்ட்டைப் பாருங்கள்.

5. வெட்ட விருப்பமில்லையா? பின் ஜன்னலில் மாட்டும் வெளித்தள்ளும் ஃபேனாவது போடலாம். கூரை அளவுக்கு வராது. ஒன்றுமில்லாததற்கு மேல்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. டீசல் விலையும் ஸ்பெயார் பார்ட்ஸ் விலையும் நமக்குத் தெரியும். வான் அங்கிள் தன் கைக்காசில் எல்லாவற்றையும் செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஒரு வானில் 15 பிள்ளைகள் என்றால் செலவைப் பதினைந்தாகப் பிரித்துப் பாருங்கள். பங்கா இழுத்தவரின் உழைப்பில் துரைமார் சுகமாகத் தூங்கினார்கள். நாம் அப்படி இருக்க வேண்டாம்.

உங்கள் பிள்ளையின் வானில் என்ன வசதி இருக்கிறது என்று கீழே எழுதுங்கள். கூரை ஃபேன் பொருத்திய சாரதிகள் யாராவது இருந்தால் செலவையும் அனுபவத்தையும் சொல்லுங்கள், மற்றவர்களுக்கு உதவும். உங்கள் வான் வட்ஸ்அப் குழுவிலும் இதைப் பகிர்ந்துவிடுங்கள்.